உப்புக் காற்றில் துருவேறும் ஜன்னல் கிரில்: எனாமல், எபாக்ஸி, கால்வனைசிங், ஸ்டெயின்லெஸ் – எது யாருக்கு?

ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எர்ணாவூர் என்று கடலை ஒட்டிய தெருக்களில் இந்தக் கேள்வி ஓயாமல் வருகிறது. பொங்கலுக்குப் பெயிண்ட் அடித்த ஜன்னல் கிரில் ஆடி வருவதற்குள் கொப்பளிக்கிறது. விரலால் தட்டினால் செதில் செதிலாக உதிர்கிறது. இன்னொரு முறை சுரண்டி அடிக்கலாமா, எபாக்ஸிக்குப் போகலாமா, புதுக் கிரில் செய்து கால்வனைசிங் (துத்தநாகப் பூச்சு) போடலாமா, ஒரேயடியாக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு மாறிவிடலாமா? நான்கும் சரியான பதில்தான். எந்த வீட்டுக்கு எது என்பதில்தான் தவறு நடக்கிறது. பெரும்பாலான வீடுகளில் தோற்பது பெயிண்ட் அல்ல, அதற்கு அடியில் கழுவாமல் விட்ட உப்பு.

சமையல் உப்பு காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினாலே தானாக நீரை உறிஞ்சிக் கரையும். கடல் உப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். அதனால் கடலோரக் கிரில்லின் மேல் படிந்த உப்பு மழை பெய்யாத நாளிலும் ஈரமாகவே இருக்கும். அந்த உப்பின் மேல் பெயிண்ட் அடித்தால் படலத்தின் வழியாக அது நீரை உள்ளே இழுக்கும், அதுதான் கொப்புளம். மணலி சுத்திகரிப்பு ஆலையும் எண்ணூர்ப் பக்கத்து அனல் மின் நிலையங்களும் இருக்கும் வடசென்னையில் காற்றில் கந்தக டை ஆக்சைடும் சேர்ந்துகொள்கிறது. உப்பும் கந்தகமும் சேர்ந்தால் அரிப்பு இன்னும் வேகம்.

பலர் கவனிக்காத ஒன்று: சன்ஷேடுக்கு அடியில் இருக்கும் கிரில்தான் வெட்ட வெளியில் இருப்பதைவிட வேகமாகத் துருப்பிடிக்கும். வெளியில் இருப்பதை மழை கழுவிவிடும். சன்ஷேடு அடியில் உப்பு மட்டும் சேர்ந்துகொண்டே போகும்.

முதலில் பார்க்க வேண்டியவை

எவ்வளவு இரும்பு மிச்சம் இருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி. துருவைப் பார்த்து இதைச் சொல்ல முடியாது. துரு, தான் உருவான இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். கால் அங்குலம் உதிர்ந்தாலும் உள்ளே போன இரும்பு குறைவாக இருக்கலாம், மாறாகவும் இருக்கலாம். கம்பியின் மிக மோசமான இடத்தில், பெரும்பாலும் கீழ்ச்சட்டத்தில் கம்பி இறங்கும் இடத்தில், வெள்ளையாகும் வரை சுரண்டி வெர்னியர் வைத்து அளக்க வேண்டும். 10 மி.மீ. சதுரக் கம்பி 8 மி.மீ. ஆகியிருந்தால் அகலத்தில் போனது ஐந்தில் ஒரு பங்குதான், ஆனால் வளைவைத் தாங்கும் வலு பாதியாகிவிட்டது. வலு, பக்க அளவின் மும்மடிக்கு ஏற்ப மாறுவதால் இப்படி. தரைத்தளத்திலும் குழந்தைகள் ஏறி நிற்கும் மாடி ஜன்னலிலும் 8 மி.மீ. என்பதே எல்லை. அதற்குக் கீழே போன கம்பிக்கு எந்தப் பெயிண்டும் வேண்டாம்.

இரண்டாவது, சுவருக்குள் என்ன நடக்கிறது என்பது. கிரில்லைப் பிடித்திருக்கும் ஹோல்டுஃபாஸ்ட் பட்டை உள்ளே துருப்பிடித்து வீங்கினால் ஜன்னல் மூலையில் பூச்சு விரியும். அந்த விரிசல் இருந்தால், வெளியே தெரியும் கிரில் நன்றாக இருந்தாலும் அதைக் கழற்றத்தான் வேண்டும்.

மூன்றாவது, பிரஷ் நான்கு பக்கமும் போகுமா என்பது. மரச்சட்டத்தை ஒட்டி இரண்டு விரல் இடைவெளியில் நிற்கும் கிரில்லின் பின்பக்கத்தைச் சுரண்டவும் முடியாது, பூசவும் முடியாது. பழைய ராயபுரம், வண்ணாரப்பேட்டை வீடுகளில் தேக்குச் சட்டத்தைத் துளைத்து உருட்டுக்கம்பி செருகியிருப்பார்கள். அங்கே கம்பி மரத்துக்குள் நுழையும் இடம்தான் முதலில் மெலியும், அந்த இடத்துக்குள் எந்தப் பூச்சும் போகாது.

கடைசியாக, எத்தனை வருடக் கணக்கு. வாடகை வீட்டில் இரண்டு வருடம் இருக்கப் போகிறவரும் சொந்த வீட்டில் பிள்ளைகளுக்கு விட்டுப்போக நினைப்பவரும் ஒரே முடிவுக்கு வரக் கூடாது. விலையை இங்கே ரூபாயில் எழுதவில்லை, இரும்பு விலை அடிக்கடி மாறும். எடை மாறாது. 4 அடிக்கு 3 அடி ஜன்னலுக்கு 25×5 மி.மீ. பட்டையில் சட்டமும் இரண்டு குறுக்குப் பட்டையும் சுமார் 6.5 கிலோ. 10 மி.மீ. சதுரக் கம்பி நான்கு அங்குலத்துக்கு ஒன்றாகப் பதினொன்று, சுமார் 7.8 கிலோ. ஆக ஒரு ஜன்னல் 14 கிலோவுக்குச் சற்று மேல், பூச வேண்டிய பரப்பு சுமார் 0.8 சதுர மீட்டர். இந்த இரண்டு எண்களைக் கையில் வைத்துக்கொண்டு விலை கேட்டால் யாரும் ஏமாற்ற முடியாது.

1. சுரண்டி, ரெட் ஆக்சைடு, எனாமல்

எல்லாருக்கும் தெரிந்த வழி. ஒரு ஜன்னலுக்கு ஒன்றரை நாள் வேலை. சாமான் தெருமுனை ஹார்டுவேர் கடையிலேயே கிடைக்கும். பழைய எனாமல் உறுதியாக ஒட்டியிருக்கும் இடத்தை உரித்து எடுக்க வேண்டியதில்லை, உப்புத்தாள் தேய்த்து அதன் மேலேயே அடிக்கலாம். மற்ற மூன்று வழிகளிலும் இந்தச் சலுகை இல்லை.

குறை ஆயுளில் இருக்கிறது. கடலைப் பார்த்த ஜன்னலில் ஒன்று முதல் இரண்டு வருடம். கடலிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி இருக்கும் பெரம்பூர், வியாசர்பாடிப் பக்கம் இதே வேலை மூன்று, நான்கு வருடம் நிற்கும்.

சீக்கிரம் கெடுவதற்கு மூன்று காரணங்கள். ரெட் ஆக்சைடு பிரைமர் நுண்துளைகள் கொண்டது. மேலே எனாமல் வரும்வரைதான் அது காவல். பிரைமரை அடித்துவிட்டு "அடுத்த ஞாயிறு பார்த்துக்கலாம்" என்று விட்டால் அந்த வாரத்துக் கடற்காற்று உப்பைப் பிரைமருக்குள்ளேயே இறக்கிவிடும். மறுநாளே முதல் எனாமல் கோட் விழ வேண்டும். இரண்டாவது, கீழ்ச்சட்டத்தின் அடிப்பக்கத்தை யாரும் பூசுவதில்லை. ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் சாய்த்து வைத்துக்கொண்டு அடித்தால் அந்த இடம் தப்பாது. மூன்றாவது, கழுவாமல் அடிப்பது. அது எபாக்ஸிக்கும் பொருந்துவதால் கீழே விரிவாக வருகிறது.

துருமாற்றி என்று பாட்டிலில் விற்கும் திரவம் பாஸ்பாரிக் அமிலமோ டானிக் அமிலமோதான். மெல்லிய, ஒட்டியிருக்கும் துருவைக் கறுப்பாக்கி நிலைப்படுத்தும். செதில் துருவின் மேல் ஊற்றினால் மேல்தோல் மட்டும் கறுக்கும், அடியில் வேலை தொடரும். உப்பை அது எடுக்காது. சுரண்டிக் கழுவிய பிறகு குழிகளுக்குள் மட்டும் தொடுவதற்கு வைத்துக்கொள்ளலாம்.

இந்த வழி பொருந்துவது வாடகை வீட்டுக்கும், கடலை விட்டு உள்ளே இருக்கும் வீட்டுக்கும், ஒவ்வொரு பொங்கலுக்கும் தவறாமல் தொட்டுப் பூசும் பழக்கம் உள்ளவர்களுக்கும். வருடம் ஒருமுறை பொட்டு பொட்டாகச் சுரண்டித் தொட்டுவிடும் வீட்டில் சாதா எனாமலே இருபது வருடம் கிரில்லைக் காப்பாற்றும். அந்தப் பொறுமை இல்லாதவர்களுக்குத்தான் மற்றவை.

2. எபாக்ஸி பிரைமர், மேலே பி.யு.

எபாக்ஸி என்பது, ஹார்டனர் என்ற கெட்டிப்படுத்தும் திரவத்தை அடிப்பதற்குச் சற்று முன் கலக்கும் இரட்டை டின் பெயிண்ட். கையால் செய்யும் வழிகளில் இதுவே சிறந்தது. சரியாகச் செய்தால் கடலோரத்திலும் ஐந்து வருடம் எதிர்பார்க்கலாம். தப்பாகச் செய்தால் எனாமலைவிட மோசம், ஏனென்றால் எபாக்ஸி பெரிய தோலாக உரியும், அடியில் துரு பரவுவதும் வெளியே தெரியாது.

எபாக்ஸி மட்டும் போதாது. வெயில் பட்டால் அது மாவு பூத்து மெலியும். அதனால்தான் மேலே பாலியூரிதேன், கடைமொழியில் பி.யு., இரண்டு கோட்.

பழைய எனாமலின் மேல் எபாக்ஸி அடிக்கவே கூடாது. அதன் கரைப்பான் எனாமலைச் சுருக்கிக் கிளப்பிவிடும். ஆக, முழுவதும் வெற்று இரும்பு வரை போக வேண்டும். இதுதான் இந்த வழியின் மறைமுகச் செலவு: ஒரு ஜன்னலுக்குச் சுரண்டல் மட்டும் ஒரு முழு நாள். இன்னொரு எச்சரிக்கை. வீட்டுப் பெயிண்டில் ஈயத்தின் அளவுக்கு 90 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 90 பங்கு) வரம்பு நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில்தான். அதற்கு முன் அடித்த பெயிண்ட் ஈயம் கலந்ததாக இருக்கலாம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். எரித்து உரிக்க வேண்டாம். கையால் தேய்ப்பதைத் தண்ணீர் தொட்டுத் தேயுங்கள். என்95 மாஸ்க் அவசியம். உதிர்வதைப் பழைய புடவையில் பிடித்துக் கட்டி எறியுங்கள், குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் அன்று பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

முதல் நாள். சின்னச் சுத்தியலால் தட்டிச் செதில்களை உதிர்க்கவும். பிறகு வெல்டர்கள் ஏஜி ஃபோர் என்று சொல்லும் 4 அங்குல கிரைண்டரில் கப் பிரஷ். கப் பிரஷ் துருவை எடுப்பதுபோலத் தெரியும், பல நேரம் பாலிஷ்தான் போடும். கறுப்பாகப் பளபளக்கும் இடம் இரும்பல்ல, தேய்ந்த துரு. அதை 80 நம்பர் உப்புத்தாளோ ஃபிளாப் டிஸ்கோ போட்டு வெள்ளை வரும் வரை எடுக்க வேண்டும். பட்டையும் கம்பியும் சேரும் இடுக்கில் உடைந்த ஹாக்சா பிளேடு வேலை செய்யும். கூர்மையான விளிம்புகளை அரம் போட்டு லேசாக உருட்டுங்கள், ஈரப் பெயிண்ட் கூர்விளிம்பை விட்டு விலகி அங்கே மெல்லியதாகிவிடும்.

பிறகு கழுவுதல். இங்கேதான் வடசென்னைக்கென்று ஒரு சிக்கல். எண்ணூர், திருவொற்றியூர்ப் பக்கம் பல வீடுகளில் போர் தண்ணீர் உப்புக் கரிக்கும். மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடி நீரில் கடல்நீர் ஏறியிருப்பது பழைய கதை. அந்தத் தண்ணீரில் கழுவுவது உப்பை எடுத்துவிட்டு உப்பை வைப்பது. சோப்புத்தூள் போட்டு நார் பிரஷ்ஷால் தேய்ப்பதற்கு எந்தத் தண்ணீரும் சரி. கடைசி மூன்று அலசல் மெட்ரோ வாட்டரிலோ கேன் தண்ணீரிலோ இருக்கட்டும். குடிநீரைச் சோதிக்கும் டி.டி.எஸ். மீட்டர் வீட்டில் இருந்தால் இன்னும் நல்லது: ஊற்றும் தண்ணீரை அளந்து, கம்பியில் வழிந்து வருவதை ஒரு டம்ளரில் பிடித்து அதையும் அளக்கவும். இரண்டும் கிட்டத்தட்டச் சமமாகும் வரை அலசல் முடியவில்லை.

துடைத்து, புளோயரோ டேபிள் ஃபேனோ வைத்துக் காயவைத்து, இரவு அப்படியே விடவும். காலையில் லேசான சீரான பழுப்பு படிந்திருந்தால் கவலை இல்லை, தேய்த்தால் போய்விடும். கறுத்து ஈரமாகத் துளித் துளியாக வியர்த்திருக்கும் புள்ளிகள் தெரிந்தால் அங்கே குழிக்குள் உப்பு இன்னும் இருக்கிறது. அந்த இடங்களை மறுபடி தேய்த்துக் கழுவ வேண்டும். இந்த ஓர் இரவுச் சோதனையைத் தவிர்ப்பவர்களின் வேலைதான் ஆறு மாதத்தில் கொப்பளிக்கிறது.

இரண்டாம் நாள். பழுப்பைத் தேய்த்து, தூசி துடைத்து, தின்னர் தொட்ட வெள்ளைத் துணியால் துடைக்கவும். கடற்காற்று எழும் முன், காலை ஒன்பதுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவே பிரைமர் முடிந்துவிட வேண்டும். தை, மாசியில் பனி இறங்கும். தொட்டுப் பார்த்துக் கம்பியில் ஈரம் இருந்தால் காத்திருங்கள். ஜிங்க் பாஸ்பேட் எபாக்ஸி பிரைமர் வாங்குங்கள். டின்னில் எழுதிய விகிதத்தை அளவுக் கோப்பையில் அளந்து கலக்கவும், கண்மதிப்பு வேண்டாம். ஹார்டனர் கூடினால் சீக்கிரம் காயும் என்பது தவறு. விகிதம் எந்தப் பக்கம் தப்பினாலும் படலம் கெட்டிப்படாமல் பிசுபிசுக்கும். சென்னை வெயிலில் கலவை, டின்னில் அச்சிட்டிருக்கும் நேரத்துக்கு முன்பே கெட்டியாகும், 100 மி.லி. மட்டும் கலந்து அது முடிந்ததும் அடுத்தது.

முதலில் வெல்டிங் புள்ளிகள், விளிம்புகள், இடுக்குகள், கீழ்ச்சட்டத்தின் அடிப்பக்கம் ஆகியவற்றுக்கு மட்டும் சின்ன பிரஷ்ஷால் ஒரு தனிக் கோட். அது இழுத்துக்கொண்டதும் முழுக் கிரில்லுக்கும் ஒரு கோட். அடுத்த கோட்டுக்கு டின்னில் குறைந்தபட்சம், அதிகபட்சம் என்று இரண்டு நேரம் போட்டிருக்கும். அதிகபட்சம் தாண்டிவிட்டால் 120 நம்பர் தேய்க்காமல் மேலே எதுவும் ஒட்டாது.

மூன்றாம் நாள் பி.யு. இரண்டு கோட். இதன் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. ஸ்பிரே கன்னில் அடித்தால் அந்தப் புகைத்துளி நுரையீரலுக்குள் போகும், ஆஸ்துமா வரக்கூடும். வீட்டில் பிரஷ் மட்டும், காற்றோட்டத்தில், ரசாயன ஆவிக்கான கார்ட்ரிட்ஜ் மாஸ்க் போட்டு. மூடிய பால்கனியில் செய்யாதீர்கள். ஹார்டனர் ஈரத்தோடு வினைபுரியும். மழை மேகம் இருக்கும் நாளில் அடித்தால் பளபளப்பு மங்கி ஊசித்துளை விழும். எபாக்ஸி தின்னரை இதில் ஊற்ற வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் இந்த வேலையைத் தொடவே வேண்டாம்.

அளவு: 0.8 சதுர மீட்டருக்கு இரண்டு கோட் என்றால் கணக்குப்படி 160 மி.லி.; மெல்லிய கம்பியில் பிரஷ் வேலையில் சிந்துவதைச் சேர்த்து 250 மி.லி. பிரைமர், அதே அளவு பி.யு. ஒரு லிட்டர் செட் நான்கு ஜன்னலுக்கு வரும். திறந்த பி.யு. ஹார்டனர் ஈரம் குடித்துக் கெட்டுப்போகும் என்பதால் ஒரு ஜன்னலுக்காக வாங்குவது வீண். எல்லா ஜன்னலையும் ஒரே வாரத்தில் முடிக்க முடிகிறவருக்கு, இரும்பு 8 மி.மீ.க்கு மேல் இருக்கும் வீட்டுக்கு, பின்பக்கம் கை போகும் கிரில்லுக்கு இது.

3. புதுக் கிரில், ஹாட் டிப் கால்வனைசிங்

இரும்பு மெலிந்துவிட்டது, சொந்த வீடு, பட்ஜெட் ஸ்டெயின்லெஸ்ஸுக்கு எட்டவில்லை என்றால் இதுதான் சரி. ஆச்சரியம் என்னவென்றால் கேட்பவர்கள் மிகக் குறைவு.

கிரில் முழுவதையும் செய்து முடித்த பிறகு சுமார் 450 டிகிரியில் உருகிய துத்தநாகத் தொட்டியில் முக்கி எடுப்பார்கள். 3 முதல் 6 மி.மீ. வரை தடிமன் உள்ள இரும்பில் ஐ.எஸ்.ஓ. 1461 தரப்படி சராசரி 70 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) படிய வேண்டும், அதற்கு மேல் தடித்த கம்பியில் 85. ஐ.எஸ்.ஓ. 9223 தரம் கடலோரக் கடும் அரிப்புக்கு சி5 என்று வகை வைத்திருக்கிறது. அதில் வெற்று இரும்பு முதல் வருடம் 80 முதல் 200 மைக்ரான் போகும், துத்தநாகம் 4.2 முதல் 8.4 மைக்ரான்தான். 70ஐ அந்த வேகத்தால் வகுத்தால் எட்டு முதல் பதினாறு வருடம், பெயிண்ட் இல்லாமலேயே. மேலே சரியான பெயிண்ட்டும் இருந்தால் இரண்டின் தனித்தனி ஆயுளைக் கூட்டினால் வருவதைவிட அதிகம் நிற்கும். கீறல் விழுந்தாலும் பக்கத்துத் துத்தநாகம் தான் கரைந்து இரும்பைக் காக்கும். பெயிண்டுக்கு அந்தக் குணம் கிடையாது.

இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாதது "ஜிஐ கிரில்" என்று விற்கப்படுவது. அது தகட்டிலேயே மெல்லிய துத்தநாகம் பூசி உருட்டிய பைப். சதுர மீட்டருக்கு 120 கிராம் பூச்சு என்றால் இரு பக்கமும் சேர்த்து. ஒரு பக்கத்துக்கு எட்டு மைக்ரானைச் சற்றே தாண்டும். மேலே உள்ள கணக்கைப் போட்டால் கடலோரத்தில் ஓரிரு வருடம். வெல்டிங் வைத்த இடத்தில் அதுவும் எரிந்துபோயிருக்கும். கடைக்காரரிடம் கேட்க வேண்டிய ஒரே கேள்வி: வெல்டிங் முடிந்த பிறகு துத்தநாகத்தில் முக்கி எடுத்ததா, ஏற்கெனவே பூச்சு உள்ள பைப்பை வெல்டிங் செய்ததா?

வேலை கொடுக்கும்போது கவனிக்க வேண்டியவை நிறைய. துளைகள், தாழ்ப்பாள் கொண்டி, எல்லா வெல்டிங்கும் முக்குவதற்கு முன் முடிந்திருக்க வேண்டும். பைப் பயன்படுத்தினால் ஒவ்வொரு மூடிய பைப்புக்கும் இரு முனையிலும் காற்றுத் துளை வேண்டும்; உள்ளே ஈரம் அடைபட்டிருந்தால் தொட்டியில் நீராவியாகி வெடிக்கும். பட்டை மேல் பட்டை வைத்துப் பொட்டு வெல்டிங் போட்ட இடுக்கில், முக்குவதற்கு முன் கிரில்லைக் கழுவும் அமிலம் தங்கி, மாதங்கள் கழித்துப் பழுப்பாகக் கசியும். அங்கே சுற்றிலும் முழு வெல்டிங் கேளுங்கள். பெயிண்டை அமிலத் தொட்டி எடுக்காது, அதனால் ரெட் ஆக்சைடு அடிக்காத வெற்று இரும்பாகவே அனுப்பச் சொல்லுங்கள். பழைய கிரில்லையே முக்கலாம் என்றால் பெயிண்ட் முழுவதும் உரிக்கும் கூலி சேர்கிறது. பெரும்பாலும் சாத்தங்காடு இரும்பு அங்காடியில் புதுக் கம்பி எடுத்துச் செய்வதே மலிவு.

மறைமுகச் செலவு மூன்று. முக்குவதற்குக் கூலி கிலோவுக்கு, ஆனால் குறைந்தபட்ச லோடு கேட்பார்கள். ஒரு ஜன்னலின் 14 கிலோவை யாரும் மதிக்க மாட்டார்கள், வீட்டின் எல்லா ஜன்னலையும், முடிந்தால் பக்கத்து வீட்டுடையதையும் சேர்த்து அனுப்ப வேண்டும். பழையதைக் கொத்தி எடுத்தால் பூச்சு வேலை. புதியது வரும்வரை ஜன்னல் திறந்து கிடக்கும். அதனால் புதியதைச் செய்து முக்கி வந்த பிறகே பழையதைக் கழற்றுங்கள், அளவை மட்டும் முன்கூட்டி எடுத்துக்கொள்ளலாம்.

வந்த கிரில்லில் நேரடியாகச் சாதா எனாமல் அடிக்காதீர்கள். எண்ணெய் அடிப்படையிலான எனாமல் துத்தநாகத்தின் மேல் சோப்பாக மாறி உரியும். எட்ச் (etch) பிரைமரோ எபாக்ஸி பிரைமரோ அடித்து மேலே பி.யு. வரலாம். பொருத்தும்போது அறுத்த, தேய்த்த இடங்களில் துத்தநாகம் மிகுந்த ஸ்பிரேயை வெள்ளை இரும்பின் மேல் மட்டும் அடிக்கவும். முக்கியதை மறுபடி வெல்டிங் செய்ய நேர்ந்தால் அந்த இடத்துத் துத்தநாகத்தைத் தேய்த்து எடுத்த பிறகே செய்ய வேண்டும், அந்த வெள்ளைப் புகை காய்ச்சலைக் கொண்டுவரும்.

4. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்

துருவே பிடிக்காது என்று வாங்கி, முதல் மழைக்காலம் முடிவதற்குள் பழுப்புப் புள்ளி பார்த்து மனம் நொந்தவர்கள் இந்தப் பக்கம் ஏராளம். காரணம் தரம். சந்தையில் மூன்று ஓடுகின்றன. 202இல் விலை அதிகமான நிக்கலைக் குறைத்து மாங்கனீஸைச் சேர்த்திருப்பார்கள். கடலோரத்துக்கு அது தகாது. 304இல் சுமார் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும். 316இல் அதோடு 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம். உப்புக்கு எதிராக நிற்பது அதுதான். கடலைப் பார்த்த ஜன்னலுக்கு 316, இரண்டு மூன்று தெரு தள்ளி 304 என்று வைத்துக்கொள்ளலாம், 304ஐக் கழுவிக்கொண்டே இருக்கும் நிபந்தனையோடு.

காந்தம் வைத்துச் சோதிப்பதை நம்ப வேண்டாம். 202, 304, 316 மூன்றிலும் காந்தம் பெரிதாக ஒட்டாது. மாலிப்டினம் இருக்கிறதா என்று நிறம் மாறிக் காட்டும் சொட்டு மருந்து கிட் உண்டு. பெரிய ஸ்டீல் வியாபாரிகளிடம் உலோகத்தைப் படித்துச் சொல்லும் கருவியும் இருக்கும். மண்ணடி, பாரிமுனைப் பக்கம் வாங்கும்போது பில்லில் தரத்தை எழுதச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் அடுத்த கடை.

தடிமனும் அப்படியே. ஒரு அங்குல பைப் 1.2 மி.மீ. தடிமனில் மீட்டருக்குச் சுமார் 0.72 கிலோ இருக்க வேண்டும். துண்டு ஒன்றை எடைபோட்டால் தெரிந்துவிடும். மெல்லிய பைப்பைக் கையாலேயே வளைக்கலாம், திருட்டுக்கு அது தடையாகாது.

வெல்டிங் முடிந்ததும் சுற்றி வரும் நீலமும் பழுப்பும்தான் முதலில் துருப்பிடிக்கும். அதைப் பிக்ளிங் பேஸ்ட்டால் எடுக்க வேண்டும். அதில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் இருக்கும், எலும்பு வரை போகும். வீட்டில் தொடாதீர்கள், பட்டறையிலேயே முடித்து வாங்குங்கள். சாதா இரும்பை அறுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் உங்கள் கிரில்லைச் செய்தால் தீப்பொறி ஒட்டித் துருப்புள்ளி ஆகும். பொருத்தும் போல்ட்டும் ஸ்டெயின்லெஸ்ஸாகவே இருக்கட்டும், சாதா போல்ட் போட்டால் பெரிய ஸ்டெயின்லெஸ் பரப்பு அந்தச் சின்ன போல்ட்டை வேகமாகத் தின்றுவிடும். டைல்ஸ் கழுவும் ஆசிட், பிளீச்சிங் பவுடர் இரண்டும் மேலே படவே கூடாது.

செலவு: கிலோ விலையில் 304 சாதா இரும்பைப்போல மூன்று, நான்கு மடங்கு, 316 அதற்கும் மேல். எட்டாத உயரத்தில், பராமரிக்க ஆள் இல்லாத, வயதானவர்கள் மட்டும் இருக்கும் சொந்த வீட்டுக்கு இந்தச் செலவு தகும். நான்காவது மாடியில் ஏணி போட்டுப் பெயிண்ட் அடிக்கும் ஆபத்தை ஒழிப்பதற்கே அதைக் கொடுக்கலாம்.

பக்கத்தில் பக்கமாக

| | எனாமல் | எபாக்ஸி + பி.யு. | ஹாட் டிப் | ஸ்டெயின்லெஸ் |
|---|---|---|---|---|
| கடலோரத்தில் எதிர்பார்க்கும் ஆயுள் | 1–2 வருடம் | சுமார் 5 வருடம் | 8–16 வருடம், பெயிண்டோடு கூடுதல் | 316: கழுவினால் மிக நீண்டது |
| கிரில்லைக் கழற்ற வேண்டுமா | வேண்டாம் | வேண்டாம் | ஆம் | ஆம் |
| நீங்களே செய்யலாமா | முழுவதும் | முழுவதும், மாஸ்க்கோடு | பொருத்துவது மட்டும் | பொருத்துவது மட்டும் |
| மறைமுகச் செலவு | வருடாவருடம் உங்கள் விடுமுறை நாள் | முழு உரிப்பு, மீந்து கெடும் ஹார்டனர் | குறைந்தபட்ச லோடு, பூச்சு வேலை | தரம் சோதிப்பது, பிக்ளிங் |
| எங்கே தோற்கும் | இடுக்கு, அடிப்பக்கம் | உப்பு மிச்சம் இருந்த குழி | அறுத்த முனை, அமிலம் தங்கிய இடுக்கு | வெல்டிங் ஓரம், 202 பைப் |

பவுடர் கோட்டிங் பற்றிக் கேட்பவர்களுக்கு: வெற்று இரும்பின் மேல் நேரடியாகப் போட்டால் ஒரு கீறலே போதும், துரு படலத்துக்கு அடியில் ஊர்ந்து போகும், வீட்டில் பழுதுபார்க்கவும் முடியாது. கால்வனைசிங் செய்ததன் மேல் என்றால் நல்லது. மெல்லிய ஸ்டீல் கம்பிகளை இழுத்துக் கட்டும் இன்விசிபிள் கிரில் பால்கனியில் குழந்தை விழாமல் காக்க வைத்தது, கட்டர் வைத்தால் அறுபடும். தரைத்தள ஜன்னலுக்கு அது மாற்றல்ல.

கலந்து செய்வது

ஒரே வீட்டில் எல்லா ஜன்னலுக்கும் ஒரே முடிவு எடுக்க வேண்டியதில்லை. கிழக்குப் பார்த்த இரண்டு ஜன்னலுக்கு மட்டும் புதுக் கிரில் முக்கிப் போட்டு, தெற்கு, மேற்கு ஜன்னல்களை எபாக்ஸியில் விட்டு, உள்முற்றத்துக்கு எனாமல் என்பதே பல வீடுகளுக்குப் பொருந்தும். கீழ்ச்சட்டம் மட்டும் போய், கம்பிகள் 9 மி.மீ.க்கு மேல் இருந்தால், கீழ்ப்பட்டையை அறுத்துப் புதுப் பட்டை வெல்டிங் செய்துவிட்டு எபாக்ஸிக்குப் போகலாம். அந்தப் பட்டையில் கம்பி இறங்கும் இடங்களில் சுற்றிலும் முழு வெல்டிங் போட்டு இடுக்கே இல்லாமல் செய்யுங்கள். மாற்றும் கிரில்லை மறுபடி சுவருக்குள் புதைக்காமல் தலை உருண்ட போல்ட்டை வெளியிலும் நட்டை உள்ளேயும் வைத்துப் பொருத்தினால் அடுத்த முறை கழற்றிச் சுரண்டலாம். ஹோல்டுஃபாஸ்ட்டைச் சுவரில் வைக்கத்தான் வேண்டுமென்றால் அதையும் முக்கி எடுக்கச் சொல்லுங்கள், சிமெண்ட் குழைக்கப் போர் தண்ணீரைக் கொத்தனார் எடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எந்த வழியில் போனாலும் சன்ஷேடு அடியில் இருக்கும் கிரில்லுக்கு மாதம் ஒருமுறை ஒரு வாளி நல்ல தண்ணீரும் ஈரத்துணியும் வேண்டும். அதிலும் பங்குனி முதல் ஆடி வரை, மத்தியானக் கடற்காற்று பலமாக இருக்கும் மாதங்களில், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. மேலிருந்து கீழாகத் துடைத்து, கீழ்ச்சட்டத்தின் அடிப்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள். விரலில் சொரசொரப்பு தட்டினால் அந்த இடத்துக்கு அன்றே உப்புத்தாள் எடுக்கலாம்.